முதல் பத்தியில் மூன்று நாள்

கேள்வி, ஜூன் 3

மறதி பற்றி 1,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். பொருளுரை ஓரளவு முடிந்துவிட்டது. முன்னுரைதான் மூன்று நாளாக நகரவில்லை. முதல் பத்தியில் ஒரு மேற்கோளோ கேள்வியோ இருந்தால்தான் படிப்பவர் உள்ளே வருவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டையும் போட்டுவிட்டேன், இருந்தும் உயிரில்லை. எங்கே சறுக்குகிறது?

"'நன்றி மறப்பது நன்றன்று' என்றார் வள்ளுவர். இன்றைய அவசர உலகில் மறதி என்பது மனிதனின் மிகப்பெரிய பிரச்சினைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆதிகாலம் தொட்டே மனிதன் மறதியோடு போராடி வந்துள்ளான். நீங்கள் என்றாவது மறதியைப் பற்றிச் சிந்தித்ததுண்டா? மறதி என்றால் என்ன, அதன் வகைகள், காரணங்கள், நன்மை தீமைகள் ஆகியவற்றை இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

ஜூன் 3, இரவு 9.50

"மறதி" வருகிற இடத்திலெல்லாம் "சோம்பல்" என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். இன்றைய அவசர உலகில் சோம்பல் என்பது மனிதனின் மிகப்பெரிய பிரச்சினைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆதிகாலம் தொட்டே மனிதன் சோம்பலோடு போராடி வந்துள்ளான். ஒரு சொல்கூட முரண்டு பிடிக்கவில்லை. "கோபம்" என்று போடுங்கள், அதற்கும் பொருந்தும். குறளை மட்டும் மாற்றினால் போதும். எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை உங்களுக்கென்று அளவெடுத்துத் தைத்ததாக இருக்காது.

கட்டுரைப் போட்டிகளுக்கு நடுவராகப் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். ஒரே தலைப்பில் அறுபது, எழுபது கட்டுரைகள் கட்டாக வரும். பாதிக்கு மேல் முன்னுரை "காண்போம்" என்றுதான் முடியும். எழுதியவர்கள் சோம்பேறிகள் இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நன்றாக யோசித்திருப்பார்கள், தேடிப் படித்திருப்பார்கள். வாசலில் மட்டும் எல்லோரும் ஒரே பலகையை மாட்டியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

இனிமேல்தான் காணப்போகிறோம் என்று ஏன் எழுத வேண்டும்? நீங்கள் ஏற்கனவே கண்டுவிட்டீர்கள். கண்டது என்ன என்று முதல் பத்தியில் சொல்லுங்கள்.

குறளை எடுத்துவிடுங்கள். நன்றி மறப்பது வேறு, நீங்கள் எழுதுகிற மறதி வேறு.

ஜூன் 3, இரவு 10.25

பொருளுரை முடிந்துவிட்டது என்கிறீர்களே, அதையும் இங்கே போடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் முன்னுரையைத் திருத்தினால் இன்னொரு பொதுச் சட்டைதான் கிடைக்கும்.

ஜூன் 4, காலை 7.15

போட்டதை இரண்டு முறை படித்தேன். சரக்கு இருக்கிறது. எது எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் பத்தியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்மேலேயே சோதனை நடத்தி 1885-ல் வெளியிட்டவர். மூன்றாம் பத்தியில் மறதியின் வகைகள். பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே வந்தது போலிருக்கிறது, விட்டுவிடுவோம். நான்காம் பத்தியில் சொலமோன் ஷெரெஷெவ்ஸ்கி. எதையும் மறக்க முடியாத மனிதர். அலெக்சாந்தர் லூரியா என்ற உளவியலாளர் அவரை 1920களிலிருந்து பல ஆண்டுகள் கவனித்து 1968-ல் ஒரு சிறு நூலாக எழுதினார். மற்றவர்கள் நினைவில் வைக்க எழுதுகிறார்கள், இவர் மறப்பதற்காகத் தாளில் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. தாளை எரித்தார். கருகியதிலும் எண்களின் தடம் தெரிந்தது. இதை இரண்டே வரியில் தொட்டுவிட்டு மருத்துவக் காரணங்களுக்குப் போய்விட்டீர்கள்.

கடைசிப் பத்தியில், கடைசிக்கு முந்தின வரி: "ஆகவே மறதி இல்லாவிட்டால் நம்மால் எதையும் தெளிவாக நினைவில் வைக்க முடியாது எனலாம்."

இந்த வரிக்காகத்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறீர்கள். வரி உங்களிடமே இருக்கிறது, முடிவுரையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறபோது நமக்கே விஷயம் கடைசியில்தான் பிடிபடும். அதனால் முதல் வரைவின் முடிவுரையில்தான் பெரும்பாலும் முன்னுரைக்கான விதை கிடக்கும். "ஆகவே", "எனலாம்" இரண்டையும் கிள்ளிவிட்டு அந்த வரியை முதல் பத்திக்குக் கொண்டுபோங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஜூன் 4, மாலை 6.40

முன்னுரையை முதலில் எழுதித்தான் ஆகவேண்டுமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1670-ல் வெளிவந்த அவருடைய சிந்தனைக் குறிப்புகளில் இது இருக்கிறது: ஒரு நூலை எழுதும்போது கடைசியாகத் தெரியவருவது, எதை முதலில் வைக்க வேண்டும் என்பதுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை கையெழுத்து பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் மூன்று பத்தியில் எழுத்தின் வரலாறு, களிமண் பலகை, நாணல் எழுதுகோல், அச்சு இயந்திரம் என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். அனுப்பிய இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாலாவது பத்தியில உங்க அப்பா கை நடுங்க ஆரம்பிச்ச பிறகு போட்ட கையெழுத்து வருதே, அதுக்கு முன்னாடி என்ன நடக்குது?" என்றார். நான் யோசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். பாடுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி. அது பாடுகிறவருக்குத் தேவை. கேட்கிறவருக்கு எதற்கு?

எனவே முதலில் மனதில் தோன்றுகிற பத்தியை எழுதிவிடுங்கள், தடையில்லை. கட்டுரை முடிந்ததும் அதை வெட்டிவிட்டு இரண்டாவது அல்லது மூன்றாவது பத்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். பல சமயம் கட்டுரை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஜூன் 5, காலை 8.05

நேற்று மாலை எழுதியதில் பாதிதான் சொன்னேன். அந்தக் கையெழுத்துக் கட்டுரையை மூன்று பத்திகளும் இல்லாமல்தான் போட்டார்கள். அப்பாவின் நடுங்கின கையெழுத்தோடு தொடங்கியது. படித்தவர்கள் பலர் அதை ஓர் இரங்கல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு: கையெழுத்து ஒருவரின் குணத்தைக் காட்டுவதைவிட அவர் உடம்பின் வரலாற்றைத்தான் காட்டுகிறது. அந்த வாக்கியம் வெட்டுப்பட்ட இரண்டாவது பத்தியின் நடுவே, நாணல் எழுதுகோலுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் இடையில் ஒளிந்திருந்தது. குப்பையோடு சேர்த்து அதையும் கொட்டிவிட்டோம். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அது அங்கே இருப்பது எனக்கே தெரியவில்லை.

ஆகவே திருத்தம். வெட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை வரி வரியாகத் தடவிப் பாருங்கள். கட்டுரையைத் தாங்குகிற ஒரு வாக்கியம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை மட்டும் எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். உங்கள் பத்தியில் அப்படி ஒன்றும் இல்லை, தேடிவிட்டேன். உங்களுக்கு அது முடிவுரையில் கிடைத்துவிட்டது.

ஜூன் 5, இரவு 9.30

கதையோடு தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஷெரெஷெவ்ஸ்கியை மேலே கொண்டுவரலாம், நல்லது. ஆனால் கதை முடிந்ததும், அது எதற்காக வந்தது என்று சொல்லிவிட வேண்டும். என் கட்டுரைக்கு நேர்ந்தது அதுதான். கதை மட்டும் நின்றது, கருத்து வெளியே போய்விட்டது.

படிப்பவரை இழுப்பதுதான் முன்னுரையின் முழு வேலை என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல். முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன், உரையின் தொடக்கம் கேட்பவரிடம் மூன்றை உண்டாக்க வேண்டும் என்கிறார்: பேசுபவர்மேல் நல்லெண்ணம், கவனம், விஷயத்தைக் கற்றுக்கொள்ளும் ஆயத்தம். நீங்கள் சொல்கிற ஈர்ப்பு அந்த மூன்றில் ஒன்று மட்டும். மூன்றாவதை நாம் மறந்தேவிடுகிறோம். அடுத்து வரப்போவதைப் புரிந்துகொள்ள வேண்டியதை முதல் பத்தி கையில் கொடுத்திருக்கிறதா? மறதிக்கும் நினைவுக்கும் நடுவில் ஏதோ உறவு இருக்கிறது என்கிற அளவுக்காவது கொடுத்தால்தான் எபிங்ஹவுஸ் வரும்போது "இவர் ஏன் இங்கே வந்தார்" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"நீங்கள் என்றாவது சிந்தித்ததுண்டா" வேண்டவே வேண்டாம். படிப்பவர் மனதுக்குள் "இல்லை" என்று சொன்னால் அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் உங்களுக்கே விடை உடனே தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். ஒன்றையும் மறக்காத மனிதனால் ஏன் பழகிய முகங்களை அடையாளம் காண முடியவில்லை? இது கேள்வி. உங்கள் நான்காம் பத்தியிலேயே இருக்கிறது. முகம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்று ஷெரெஷெவ்ஸ்கி லூரியாவிடம் முறையிட்டிருக்கிறார். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாக நினைவில் நின்றால், ஒரே முகம் என்பது எங்கிருந்து வரும்?

ஜூன் 6, காலை 6.50

நன்னூலை எடுத்துப் புரட்டினேன். பவணந்தி முனிவர் முன்னுரைக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறார் பாருங்கள்: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம். "ஆயிர முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்று அடித்துச் சொல்கிறார்.

நான் தேடிப்போனது வேறொன்று. சிறப்புப் பாயிரத்தை, அதாவது ஒரு நூலுக்கென்றே எழுதும் முன்னுரையை, யார் எழுதலாம் என்று ஒரு நூற்பா இருக்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். எழுதியவரே எழுதக்கூடாது, தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரும் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்றே மரபு சொல்கிறது. இந்த நால்வருக்கும் பொதுவானது எது? நூல் முடிந்த பிறகு, அதை முழுக்கப் படித்தவர்கள். அவர்களால்தான் வாசலில் நின்று உள்ளே இருப்பதைச் சொல்ல முடியும்.

நமக்கு வேறொருவர் வந்து எழுதித்தர மாட்டார். ஆனால் கட்டுரையை முடித்து ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, மறுநாள் கூடப் படித்தவரைப் போலத் திறந்து வாசிக்கலாம். "என் நண்பன் என்ன சொல்ல வந்திருக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டு முன்னுரை எழுதலாம். எனக்கு இது கைகொடுத்திருக்கிறது.

பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று எட்டு சொல்கிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். 1,000 சொல் கட்டுரையின் முதல் பத்திக்கு இதில் மூன்று போதும் என்பது என் எண்ணம்: எல்லை, நுதலிய பொருள், பயன். நுதலிய பொருள் என்றால் எதைப் பேசுகிறேன். எல்லை அவருக்கு நூல் வழங்கும் நிலம், நான் அதை எதுவரை பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன். பயன், படிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது.

ஜூன் 6, பகல் 1.10

பாயிரம் நூலுக்கு வெளியே நிற்பது, கட்டுரையின் முதல் பத்தி கட்டுரைக்கு உள்ளே இருப்பது, இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டது சரி. பாயிரத்தைத் தாண்டிவிட்டு நூலைப் படிக்கலாம், நூல் குறைந்துவிடாது. முதல் பத்தியைத் தாண்டினால் இரண்டாம் பத்தி அந்தரத்தில் தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் முதல் பத்தி வேலை செய்யவில்லை. காலையில் எழுதியதில் "முழுக்கப் படித்தவர் எழுத வேண்டும்" என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 6, இரவு 10.00

தேர்வறையில் கடைசியாக முன்னுரை எழுத நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் நேர்ந்தது. கல்லூரியில் ஒரு தேர்வில் எட்டு வரி இடம் விட்டுப் பொருளுரைக்குப் போனேன். கடைசியில் வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கணக்கு. மணி அடித்துவிட்டது. எட்டு வரி வெள்ளையாகவே தாளைக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வெள்ளை இடம்தான் கண்ணில் நின்றது.

அடுத்த தேர்வில் மாற்றிக்கொண்டேன். கேள்வியைப் படித்ததும் ஐந்து நிமிடம் குறிப்புச் சட்டகம். அதன் அடியில் "என் விடை ஒரு வரியில்" என்று ஒரு வாக்கியம். இடம் விட்டேன், ஆனால் அந்த இடத்தின் கடைசி வரியில் அந்த ஒரு வாக்கியத்தை உடனே எழுதிவிட்டேன். நேரம் மிச்சமிருந்தால் அதற்கு மேலே இரண்டு மூன்று வரி சேர்ப்பேன். மிச்சமில்லாவிட்டாலும் முன்னுரை என்று ஒன்று இருக்கும். ஒரு வரி முன்னுரைக்காக யாரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

நீளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1,000 சொல்லுக்கு 80 முதல் 120 சொல் எனக்குப் பொருத்தமாகப் படும். 200-ஐத் தாண்டினால் வாசலிலேயே விருந்தாளியை நிறுத்திவைத்துப் பேசுகிற கதை.

ஜூன் 7, மாலை 5.20

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது. வினை கடைசியில் வருகிற மொழி நம்முடையது. முதல் வாக்கியம் நீண்டால், படிப்பவர் எழுவாயையும் அடைமொழிகளையும் கையில் பிடித்துக்கொண்டு வினை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். கட்டுரைக்கு நடுவில் காத்திருப்பார். முதல் வரியில் அவருக்கு இன்னும் உங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை. அதனால் முதல் வாக்கியம் குட்டையாக இருக்கட்டும். ஆறு, ஏழு சொல். இரண்டாவது நீளலாம்.

அப்புறம் அழுத்தம். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மறதி நினைவைக் காக்கிறது.

மறதி என்பது நினைவைக் காக்கும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நினைவைக் காப்பது மறதிதான்.

முதலாவது செய்தி. இரண்டாவதில் யார் கருதுகிறார்கள் என்றே தெரியவில்லை, எழுதியவரே நழுவிவிட்டார். மூன்றாவதில் படிப்பவர் "நினைவைக் காப்பது" என்றதும் மனப்பாடமோ பயிற்சியோ வரும் என்று எதிர்பார்ப்பார், வருவது மறதி. அந்தத் "தான்" எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் மேற்கோளுக்காக அலைய வேண்டியதில்லை.

"என்பது", "ஆகும்", "கருதப்படுகிறது" மூன்றையும் முதல் பத்தியில் தேடித் தேடி அடியுங்கள். சில இடத்தில் "என்பது" இல்லாமல் முடியாது, அது தெரியும். பழக்கத்தில் வருவதை மட்டும் எடுங்கள்.

ஜூன் 8, இரவு 8.45

ஆய்வுக் கட்டுரையில் "இக்கட்டுரை இன்னின்னதை ஆராய்கிறது" என்று எழுதாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள், நீங்கள் "காண்போம்" கூடாது என்கிறீர்களே என்று ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்.

ஜூன் 3-ல் நான் சொன்னது பொத்தாம்பொதுவாக இருந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு அது பொருந்தாது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் 1990-ல் வெளியிட்ட நூலில், அவை மூன்று நகர்வுகளாக அமைகின்றன என்று காட்டினார். முதலில் களத்தைச் சொல்வது. அடுத்து, அதில் இன்னும் யாரும் உட்காராத ஓர் இடைவெளியைக் காட்டுவது. மூன்றாவதாக, அந்த இடைவெளியில் தான் வந்து உட்காருவது. "இக்கட்டுரை ஆராய்கிறது" என்பது மூன்றாவது நகர்வு. இருபது, முப்பது பக்கம் நடக்கப்போகிறவருக்கு வழிப்படம் வேண்டும்தான்.

நம்முடைய "காண்போம்" முன்னுரைகளில் இல்லாமல் போவது நடுவில் இருக்கிற நகர்வு. "மறதி ஒரு பிரச்சினை" என்று களத்தைச் சொல்கிறோம், உடனே "காண்போம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். ஏற்கனவே எல்லோரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில்! எல்லோரும் மறதியைக் குறை என்கிறார்கள், அது இல்லாமல் நினைவே நிற்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு வரி நடுவில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு "காண்போம்" என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆக, என் சண்டை அந்தச் சொல்லோடு இல்லை. இதை நேரே சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

ஜூன் 9, காலை 7.30

குறள் விஷயத்தில் நான் தவறு செய்துவிட்டேன். "எடுத்துவிடுங்கள்" என்று முதல் நாளே ஒரே வரியில் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி படுத்த பிறகு குறள் முழுதாக நினைவுக்கு வந்தது.

நன்றி மறப்பது நன்றன்று நன்றல்லது
அன்றே மறப்பது நன்று.

நீங்கள் முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தீர்கள். நானும் முதல் பாதியோடு நின்றுவிட்டேன். இரண்டாவது பாதியில் வள்ளுவர் மறக்கச் சொல்கிறார். அதுவும் அன்றே! எதை மறக்கக் கூடாது, எதை மறக்க வேண்டும் என்று ஒரே குறளில் பிரித்து வைத்திருக்கிறார். உங்கள் கட்டுரை சொல்வதும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மறதியைத் திட்டுவதற்காக எடுத்த குறளிலேயே மறதிக்கான இடம் இருந்திருக்கிறது, இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மேற்கோளை அணிகலனாகப் பூட்டினால் நேர்வது இது. முதல் மூன்று சொல் காதில் பழகியிருக்கும், மீதியைப் படிக்க மாட்டோம். மேற்கோள் போடுகிறவர்கள் அதை முழுதாக ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டால் பாதி மேற்கோள்கள் தானாகக் கழன்றுவிடும், மீதிப் பாதி உண்மையாகவே வேலை செய்யும்.

ஜூன் 9, இரவு 9.15

காலையில் உற்சாகத்தில் எழுதிவிட்டேன். அந்தக் குறளை முன்னுரையில்தான் வைக்க வேண்டுமா என்று யோசித்தால், வேண்டாம் என்றே தோன்றுகிறது. வள்ளுவர் பேசுவது, ஒருவர் நமக்குச் செய்த தீமையை மனதில் வைக்காமல் இருப்பது பற்றி. செய்ந்நன்றி அறிதல் அதிகாரம். நீங்கள் பேசுவது மூளை வேண்டாததைக் கழிப்பது பற்றி. ஒன்று அறம், மற்றது உடலியல். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட மூன்று நான்கு வரி வேண்டும். அந்தப் பாலத்தை முதல் பத்தி தாங்காது. கட்டுரைக்குள், ஷெரெஷெவ்ஸ்கிக்குப் பிறகு வையுங்கள். அங்கே நிதானமாக இடம் இருக்கிறது.

முதல் பத்தியில் ஒரு கதவு போதும். குறள் ஒரு கதவு, எரிந்த தாள் ஒரு கதவு. இரண்டும் இருந்தால் படிப்பவர் எதில் நுழைவது என்று வெளியிலேயே நிற்பார்.

ஜூன் 11, இரவு 8.00

உங்கள் புதிய பத்தியைப் படித்தேன். மற்றவர்களும் பார்க்க இங்கே போடுகிறேன்.

"மறப்பதற்காக ஒரு மனிதர் எழுதினார். எதையும் மறக்க முடியாத சொலமோன் ஷெரெஷெவ்ஸ்கி, வேண்டாத எண்களைத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தார். கருகிய தாளிலும் எண்கள் அவருக்குத் தெரிந்தன. பழகியவர்களின் முகங்களோ அவருக்குப் பிடிபடவில்லை. மறதியை நாம் குறை என்கிறோம். அதைப் போக்கப் பயிற்சியும் மருந்தும் தேடுகிறோம். ஆனால் ஒரு முகத்தை அதே முகம் என்று அறிய, நேற்று அதில் இருந்த சின்னச் சின்ன மாற்றங்களை நாம் மறந்திருக்க வேண்டும். நினைவைக் காப்பது மறதிதான் ஆகும்."

ஐம்பது சொல்லுக்குக் கொஞ்சம் மேலே. நான் சொன்ன 80-க்கே வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. "மறதி" இருக்கிற இடத்தில் "சோம்பல்" போட்டுப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே உடைந்துவிட்டது. "மறதியை நாம் குறை என்கிறோம்" என்ற குட்டை வாக்கியம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அதுதான் நடு நகர்வு. முகத்தைப் பற்றிய வரியை நான் எழுதியிருந்தால் இவ்வளவு எளிமையாக வந்திருக்காது.

இரண்டு விஷயம். "எண்கள் அவருக்குத் தெரிந்தன" என்பதை "எண்களின் தடம் அவருக்குத் தெரிந்தது" என்று மாற்றுங்கள். லூரியா எழுதியதும் தடம் என்றுதான், எண்களே முழுதாக நின்றன என்று சொன்னால் மிகையாகிவிடும். முன்னுரையில் ஒரு மிகை இருந்தால், பின்னால் வரும் எபிங்ஹவுஸ் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கிற "ஆகும்" போகட்டும்.

ஜூன் 11, இரவு 8.20

மூன்றாம் பத்தியில் இருக்கிற வகைகள் இப்போது அந்தரத்தில் நிற்கின்றன, கவனித்தீர்களா? முதல் பத்தி மாறினதால் அது தேவையில்லாமல் போய்விட்டது. நாளை அதைப் பார்ப்போம்.